செடி ஸ்டாண்டுக்கு எந்தப் பழைய மரம்? பேலட்டா, ஓட்டு வீட்டு ரீப்பரா, சென்டரிங் பலகையா?

10 அங்குலத் தொட்டி ஒன்றை வைக்க நாலு கால் போட்ட சின்ன மர ஸ்டாண்ட் செய்ய எவ்வளவு மரம் வேண்டும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். கால் ஒவ்வொன்றும் 12 அங்குலம், நாலுக்கு 4 அடி. நடுவில் கூட்டல் குறி மாதிரி குறுக்கே போகும் சட்டம் இரண்டு, ஒவ்வொன்றும் பதினொன்றே கால் அங்குலம் (அந்தக் கணக்கு பின்னால் வரும்). வெட்டுக் கழிவையும் சேர்த்து 7 அடிச் சட்டம் ஒன்று இருந்தால் போதும். இவ்வளவுக்காக மரவாடிக்குப் போய்ப் புது மரம் அறுக்கச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் இடிகிற வீடுகளிலும் குடோன் ஓரங்களிலும் இதைவிட நல்ல மரம் தினமும் விறகுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆனால் "பழைய மரம்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. நம் பக்கத்தில் சுலபமாகக் கையில் கிடைப்பவை நாலைந்து வகை. ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு, அதைச் சட்டமாக்க எடுக்கும் உழைப்பும் வேறு. நான் எல்லாவற்றிலும் ஒன்றிரண்டாவது செய்து பார்த்திருக்கிறேன், என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டு வீட்டு ரீப்பர் (ஓடு உட்காரக் கூரையில் அடித்த சட்டம்) கிடைத்தால் வேறு எதையும் தேடாதீர்கள். அது இல்லையென்றால் பழைய ஜன்னல், கதவுச் சட்டங்கள். பேலட் (சரக்கு அடுக்கி ஏற்றுகிற மரத் தட்டு) மூன்றாவதாக, அதுவும் வீட்டுக்குள் வைக்கிற ஸ்டாண்டுக்கு மட்டும். சென்டரிங் பலகை கடைசி. பனை தனிக் கதை.

முதலில் எல்லோரும் போய் நிற்கிற பேலட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பழைய பேலட்டும் மெஷின் வந்த பெட்டிப் பலகையும் விற்கிற கடைகள் உண்டு. வீடியோக்களில் பார்க்க அழகாக இருக்கும், பலகை ஏற்கெனவே அறுத்து நேராக இருக்கிற மாதிரித் தெரியும், விலையும் குறைவு. (கம்பெனி வாசலில் கிடக்கிறதே என்று கேட்காமல் எடுத்து வந்துவிடாதீர்கள், பெரும்பாலான பேலட்டுகள் திரும்பப் போகிற கணக்கில் இருப்பவை.)

பேலட்டில் முதலில் முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகிற மரப் பெட்டிகளுக்கும் பேலட்டுகளுக்கும் ஐஎஸ்பிஎம் 15 என்று ஒரு சர்வதேச விதி 2002இல் வந்தது. அதன்படி பதப்படுத்திய மரத்தில் ஒரு கதிர்ச் சின்னமும், ஐபிபிசி என்ற எழுத்துகளும், நாட்டின் குறியீடும், எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதற்கான இரண்டு எழுத்தும் சூடு போட்ட மாதிரி பதிந்திருக்கும். ஹெச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறி, 30 நிமிடம் நின்றிருக்கிறது என்று அர்த்தம், அதை எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷப் புகை காட்டியது, அதைத் தொடாமல் வந்துவிடுங்கள். முத்திரையே இல்லாத உள்ளூர்ப் பேலட்டுகளும் நிறைய, அவற்றில் என்ன சரக்கு ஏற்றினார்கள், என்ன கொட்டியது என்பது யாருக்கும் தெரியாது. எண்ணெய்க் கறையோ ரசாயன வாசனையோ இருந்தால் வேண்டாம்.

ஹெச்.டி. முத்திரையைப் பார்த்துவிட்டு "இது ட்ரீட் பண்ணின மரம், பூச்சி வராது" என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சூடு ஏற்கெனவே உள்ளே இருந்த புழுவைக் கொல்வதற்கு, நாளைக்கு வரப்போகும் கறையானுக்கு அது எந்தத் தடையும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற பேலட்டில் பெரும்பாலும் பைன் இருக்கும். லேசான, மென்மையான மரம், நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். என் முதல் ஸ்டாண்டை அதில்தான் செய்து மொட்டை மாடியில் வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க நனைந்தது, பொங்கலுக்கு மாடியைக் கழுவும்போது தூக்கினால் கால் நுனி கறுத்து, விரலால் அமுக்கினால் ரொட்டி மாதிரி உள்ளே போனது. வார்னிஷ் அடித்திருந்தேன், அப்படியும் இதுதான் நடந்தது. அதே பைன் பலகையில் செய்து ஹாலில் வைத்த இன்னொன்று இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.

அப்புறம் உழைப்புக் கணக்கு. பேலட்டில் அடிக்கிற ஆணி சாதாரண ஆணி இல்லை, முறுக்கு வைத்தோ வளையம் வளையமாக வெட்டியோ இருக்கும், பிடுங்கினால் வராது. கடப்பாரை போட்டு நெம்பினால் பலகைதான் பிளக்கும். பலகைக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் ஆக்சா பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிடுவதுதான் வழி. அப்படி அறுத்தால் பலகைக்குள் ஆணித் துண்டு நின்றுவிடும், அதைப் பின்பக்கத்திலிருந்து இன்னொரு ஆணியை வைத்துத் தட்டி வெளியே தள்ள வேண்டும். ஒரு பேலட்டைச் சேதமில்லாமல் பிரிக்க எனக்கு ஒரு முழு மாலை போய்விடுகிறது. இவ்வளவும் செய்து கிடைக்கும் பலகை முக்கால் அங்குலம் இருந்தால், அதிலுள்ள குழிவையும் வளைவையும் இழைத்து எடுத்தபின் அரை அங்குலத்துக்கு வந்து நிற்கும். அரை அங்குலப் பலகை மேல்தட்டுக்கு ஆகும், காலுக்கு ஆகாது. காலுக்கு வேண்டுமானால் பேலட்டின் அடிக்கட்டையை நீளவாக்கில் அறுத்துக்கொள்ளலாம், அதில்தான் ஆணி அதிகம்.

சென்டரிங் பலகையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. காங்கிரீட் போட முட்டுக் கொடுத்த பலகை, எங்கே பார்த்தாலும் கிடைக்கும், கேட்டால் சும்மாகூடக் கொடுப்பார்கள். மேலே சிமெண்ட் பால் காய்ந்து கல்லாக ஒட்டியிருக்கும், காங்கிரீட் ஒட்டாமல் இருக்க டீசலோ கழிவு ஆயிலோ பூசியிருப்பார்கள், அது மரத்துக்குள் ஊறிப்போயிருக்கும். சிமெண்ட் துகள் இழைப்புளி அலகை நாலே தள்ளில் மழுக்கிவிடும். ஆயில் ஊறிய இடத்தில் பசையும் பிடிக்காது, வார்னிஷும் பிடிக்காது. நாட்டு மரமாக, கனமாக, நல்ல நாரோட்டத்துடன் ஒரு துண்டு கண்ணில் பட்டால் மட்டும், கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டிப் பார்த்து எடுங்கள்.

இப்போது ரீப்பருக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் ஆரம்பித்ததே. மங்களூர் ஓடு போட்ட பழைய வீட்டைப் பிரிக்கும்போது இரண்டு வகை மரம் இறங்கும். கூரையின் சரிவில் மேலிருந்து கீழாகப் போகிற கைமரம், அதன் குறுக்கே ஓடு உட்கார வரிசையாக அடித்த ரீப்பர். எனக்குக் கிடைத்த ரீப்பர்கள் எல்லாம் 2 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். செடி ஸ்டாண்டுக்கென்றே அறுத்து வைத்த மாதிரி அளவு. மங்களூர் ஓட்டின் அடியில் இருக்கும் மூக்கு ரீப்பரில் மாட்டிக்கொண்டு நிற்கும், பெரும்பாலான ஓட்டுக்கு ஆணியே கிடையாது. அதனால் ரீப்பரில் ஆணி இருப்பது கைமரத்தைத் தாண்டுகிற இடங்களில் மட்டும்தான். இரண்டு கைமரத்துக்கு நடுவே ஒன்றரை அடி போல ஆணியே இல்லாத சுத்தமான மரம் கிடைக்கும், நமக்கு ஒரு காலுக்கு வேண்டியது ஓரடி. ஆணி ஓட்டையிருக்கும் இடத்திலேயே வெட்டிப் போட்டால் மீதி முழுக்க நமக்கு.

இன்னொன்று, அந்த மரம் ஓட்டுக்கு அடியில் ஐம்பது அறுபது வருஷம் வெயிலின் சூட்டில் காய்ந்திருக்கிறது. வளைகிற மரம் என்றால் எப்போதோ வளைந்து முடித்திருக்கும். கடையில் வாங்குகிற புது மரத்தில் இந்த உத்தரவாதம் கிடைக்காது, ஈரம் முழுக்கப் போகாமல் விற்ற சட்டத்தில் ஸ்டாண்ட் செய்து, அது காய்ந்து முறுக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். எந்த மரமாக இருந்தாலும் காய்ந்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து எடையைப் பென்சிலால் அதன்மேலேயே எழுதிவையுங்கள், வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது, வெட்டலாம்.

எந்த மரம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். தேக்கு, வேம்பு, பூவரசு, வேங்கை, சில வீடுகளில் மாவும் கலந்திருக்கும். மேலே எல்லாமே ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும், அதனால் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். தேக்கென்றால் உள்ளே பொன்பழுப்பு, கையில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு, தோல் மாதிரி ஒரு தனி வாசனை. பூவரசு கருஞ்சிவப்பாகத் தெரியும். வேங்கை பலமான மரம், ஆனால் தண்ணீர் பட்டால் அதிலிருந்து பழுப்பு மஞ்சளாகச் சாயம் இறங்கும், வெள்ளை டைல்ஸ் போட்ட பால்கனியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். மா மரம் பூச்சிக்குப் பிடித்த மரம், விட்டுவிடலாம். எந்த மரத்திலும் வைரம் பாய்ந்த (முற்றி இறுகிய) பகுதிக்குத்தான் ஆயுசு, ஓரத்தில் இருக்கும் வெளிறிய பகுதியை ஆசாரிமார் வெள்ளை என்பார்கள், தேக்கிலேயேகூட வெள்ளையைப் பூச்சி விட்டுவைக்காது. குண்டூசித் தலை அளவு துளைகளும், தட்டினால் கொட்டுகிற மாவும் இருந்தால் உளுத்திருக்கிறது. அந்தத் துண்டை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

பழைய ஜன்னல், கதவு, நிலைச் சட்டங்கள் அடுத்த தேர்வு. மரத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் இதுதான் முதலில் வர வேண்டும், தேக்கு கிடைக்க வாய்ப்பு அதிகம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனால், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய பர்மா தேக்குத் துண்டுகளைக் கடைகளில் பார்க்கலாம். ஒரு வேண்டுகோள்: பூ வேலை, உருவ வேலை செய்த துண்டை ஸ்டாண்டுக்காக அறுக்காதீர்கள். அந்த உளி வேலையை இன்றைக்குத் திருப்பிச் செய்விக்க முடியாது. வேலைப்பாடு இல்லாத உடைந்த சட்டம், ஒடிந்த கதவின் குறுக்குக் கட்டை, இதெல்லாம் அங்கேயும் கிடைக்கும், நமக்கு அது போதும்.

இதை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் பெயிண்ட். பழைய கதவு, ஜன்னலில் நாலைந்து பூச்சு இருக்கும், அடியில் இருப்பது எந்தக் காலத்து பெயிண்ட் என்று தெரியாது. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி அறிவிக்கப்பட்டதே 2016இல்தான், அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி மூச்சில் போகும், தரையில் படியும், தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் இது விளையாட்டில்லை. பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவைத்து, ஈரமாகவே சுரண்டி எடுத்து, சுரண்டியதை ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். திறந்த வெளியில், மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். இவ்வளவு வேலைக்குப் பொறுமை இல்லையென்றால் பெயிண்ட் அடித்த மரத்தை எடுக்கவே வேண்டாம், ரீப்பரில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ரயில்வே ஸ்லீப்பர் கட்டையும் இந்த "வேண்டாம்" பட்டியலில்தான். தார் மாதிரி வாசனை வரும் கிரியோசோட் அதில் ஊறியிருக்கும், வீட்டுக்கும் செடிக்கும் பக்கத்தில் அது வேண்டாம்.

பனையைத் தனிக் கதை என்றேனே. நம் மாநில மரம், பழைய வீடுகளில் பனங்கைகள் நூறு வருஷம் நின்றிருக்கின்றன, அந்தக் கறுப்பு வரி ஓடிய அழகுக்கு ஈடு இல்லை. ஆனால் பனையில் வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளே போகப் போகச் சோறு. வெளிப்பக்கத்தில் உளி இறங்காது, உள்பக்கத்தில் ஸ்குரூ நிற்காது. ஈர்க்கு மாதிரி சிலாம்பு கையில் ஏறும். இரண்டு மூன்று ஸ்டாண்ட் செய்து கை பழகின பிறகு, கறுத்த வெளிப்பகுதியை மட்டும் எடுத்துக் காலாகப் போட்டுப் பாருங்கள்.

சரி, மரம் வந்துவிட்டது. அடுத்த முடிவு, இந்தக் கரடுமுரடான கட்டையை எப்படி நேராக்குவது. மூன்று வழி இருக்கிறது. மில்லில் கொடுத்து இழைப்பது, கையால் முழுக்க இழைப்பது, பாதி மட்டும் இழைத்து விடுவது.

எந்த வழியானாலும் முதல் வேலை ஆணி தேடுவது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் மெதுவாக நகர்த்துங்கள், தலை ஒடிந்து உள்ளே மறைந்த ஆணி இருக்கும் இடத்தில் இழுக்கும். கண்ணை நம்பாதீர்கள். ஒரே ஒரு ஆணித் துண்டு மில்காரரின் அலகைப் பல்லுப் பல்லாக்கிவிடும், அதனால்தான் பழைய மரம் என்றாலே அவர்கள் யோசிக்கிறார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. காந்தம் போட்டுப் பார்த்ததை அவர் முன்னாலேயே இன்னொரு தடவை செய்து காட்டினால் சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். மில்லுக்குக் கொடுப்பதென்றால் துண்டு போடாமல் நீளமாகவே கொடுங்கள், நாலு பக்கமும் இழைத்து வாங்கி வந்து அப்புறம் வெட்டுங்கள். ஓரடித் துண்டுகளை இழைக்கும் மிஷினில் விடுவது ஆபத்து, உருளைகள் பிடிக்க நீளம் பத்தாமல் துண்டு தூக்கி எறியப்படும்.

பத்து ஸ்டாண்ட் செய்கிறவருக்கு மில் சரி. ஒன்றிரண்டுக்குக் கைதான் நல்லது. ஓரளவு அகலமான ஒரு முகத்தை இழைப்புளியால் நேராக்குங்கள், அதை ஆதாரமாக வைத்து மூலமட்டத்தை (செங்கோணம் பார்க்கிற கருவி) சாய்க்காமல் பிடித்து அடுத்த விளிம்பை நேராக்குங்கள். இந்த இரண்டும் சரியாக வந்துவிட்டால் மற்ற இரண்டு பக்கத்தையும் கோடு போட்டு இறக்கிவிடலாம். நாரோட்டம் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்துத் தள்ளுங்கள். வேம்பில் நார் ஒரு சாண் இந்தப் பக்கமும் அடுத்த சாண் அந்தப் பக்கமும் மாறி மாறி ஓடும், அதில் அலகை நன்றாகத் தீட்டி, மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் செதில் செதிலாகப் பெயரும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, அதாவது பாதி இழைப்பது. செடி ஸ்டாண்டுக்கு நாலு பக்கமும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மரமும் மரமும் சேருகிற முகங்கள் நேராக இருக்க வேண்டும், கை படுகிற விளிம்புகள் உறுத்தக் கூடாது. மற்ற இடங்களில் அந்தக் காலத்து வாள் போன தடமும், சாம்பல் பூத்த நிறமும் அப்படியே இருக்கட்டும், கம்பி பிரஷால் தூசியையும் பழைய ஒட்டடையையும் எடுத்துவிட்டு 120 நம்பர் உப்புத்தாள் ஒரு தடவை போட்டால் போதும். முழுக்க இழைத்துவிட்டால் கடையில் வாங்கியதற்கும் இதற்கும் பார்வைக்கு வித்தியாசமே இருக்காது, கனமும் குறைந்துபோகும். தூசிக்கு மட்டும் அலட்சியம் வேண்டாம், மரத்தூளை மூச்சில் இழுப்பது புற்றுநோய்க் காரணிகளில் ஒன்று என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமே வகைப்படுத்தியிருக்கிறது. மாஸ்க் போடுங்கள்.

இணைப்பில் என்ன தேர்வு? ஸ்குரூ மட்டும் போடுவதா, காடி (பள்ளம்) வெட்டிச் சேர்ப்பதா என்பதுதான் கேள்வி. மண்ணும் தண்ணீரும் சேர்ந்த 10 அங்குலத் தொட்டி, சுட்ட மண்ணாக இருந்தால் 15 கிலோ வரை வரும். குறுக்குச் சட்டத்தின் நுனியைக் காலின் மேல் வெறுமனே முட்டவைத்து வெளியிலிருந்து ஸ்குரூ அடித்தால், அந்த 15 கிலோவும் ஸ்குரூவின் மேல்தான் தொங்கும். அதுவும் ஸ்குரூ இறங்குவது சட்டத்தின் நுனியில், நாருக்கு இணையாக, அங்கே பிடிப்பு ரொம்பக் குறைவு. அதனால் காலின் அகலமான பக்கத்தில் 3 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஆழத்துக்குக் காடி வெட்டி, சட்டத்தின் நுனியை அதற்குள் உட்காரவைத்துவிடுங்கள். பாரம் மரத்தின் மேல் மரமாக இறங்கும், ஸ்குரூவும் பசையும் விலகாமல் பிடித்துக்கொண்டால் போதும். தொட்டிக்கு இடம் 10½ அங்குலம், இரண்டு பக்கமும் காடிக்குள் போகிற 3 நூல், இரண்டும் சேர்ந்தால் முக்கால், மொத்தம் பதினொன்றே கால். முதலில் சொன்ன கணக்கு இதுதான். தொட்டியின் வாயை அளக்காதீர்கள், சட்டத்தின் மேல் உட்காரும் உயரத்திலிருந்து கால் முடிகிற உயரம் வரை அதன் உடம்பு எங்கே அகலமோ அதை அளந்துவிட்டு வெட்டுங்கள்.

குறுக்குச் சட்டத்தைப் படுக்கப் போடாமல் 2 அங்குலம் உயரமாக வரும்படி நிறுத்திப் போடுங்கள். அதே ரீப்பர்தான், படுக்கப் போட்டதைவிட நிறுத்திப் போட்டால் இரண்டு மடங்கு பாரம் தாங்கும், வளைவது நாலில் ஒரு பங்காகக் குறையும். நடுவில் இரண்டு சட்டமும் வெட்டிக்கொள்கிற இடத்தில் ஒன்றில் மேலிருந்து பாதி, இன்னொன்றில் கீழிருந்து பாதி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று இறக்க வேண்டும். இந்த வெட்டு இறுக்கமாக இருக்க வேண்டும், கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டினால் இறங்குகிற அளவு. தொளதொளவென்று இருந்தால் ஸ்டாண்ட் ஆடுவது அங்கேதான் ஆரம்பிக்கும். கோட்டுக்கு உள்ளேயே வாளை விட்டு, மீதியை உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, போட்டுப் போட்டுப் பாருங்கள்.

ஸ்குரூ எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஆக இருக்கட்டும். இரும்பு ஸ்குரூ துருப்பிடிப்பதோடு, துவர்ப்பு அதிகமுள்ள மரங்களில் ஈரம் பட்டதும் சுற்றிலும் கருநீலமாகக் கறை விடும். பழைய மரம் வறண்டிருப்பதால் நேராக முடுக்கினால் பிளக்கும், கண்டிப்பாகத் துளை போட்டுவிட்டு, ஸ்குரூவைச் சோப்பில் ஒரு தேய் தேய்த்து முடுக்குங்கள். பசை சாதாரண வெள்ளைப் பசை வேண்டாம், தண்ணீர் தாங்குகிற ரகம் வாங்குங்கள், ஃபெவிகால் மரைன் மாதிரி. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் இழைத்த அன்றைக்கே பசை போட்டு இறுக்கிவிடுவது நல்லது, நாலு நாள் விட்டால் பிடிப்பு குறையும்.

பூச்சில்தான் எனக்கும் ரொம்ப நாள் குழப்பம் இருந்தது. பளபளவென்று படலமாக நிற்கிற வார்னிஷோ பியு (பாலியூரித்தேன்) பூச்சோ வீட்டுக்குள் வைக்கிற ஸ்டாண்டுக்குச் சரி. தண்ணீர் சிந்தினால் துடைத்துவிடலாம், அழகும் நிற்கும். வெயிலிலும் மழையிலும் நிற்கப் போகிற ஸ்டாண்டில் அந்தப் படலம் எங்காவது ஒரு மூலையில் வெடிக்கும், வெடித்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தை உள்ளிருந்தே கறுப்பாக்கும். என் பைன் ஸ்டாண்டுக்கு நடந்தது அதுதான். அதனால் வெளியில் வைப்பதற்கு எண்ணெய்ப் பூச்சு. காய்ச்சிய ஆளி விதை எண்ணெயை (கடையில் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள்) துணியால் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், ஒரு நாள் இடைவெளியில் மூன்று தடவை. வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், புரட்டாசி வாக்கில் திரும்ப ஒரு கை. நிறம் மங்கினால் திரும்பத் தடவினால் போதும், சுரண்டவே வேண்டாம். ஆனால் அந்த எண்ணெய் பூச்சி தடுக்கிற வேலையைச் செய்யாது, அதற்கு வைரம் பாய்ந்த மரத்தைத்தான் நம்ப வேண்டும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்டு, விறைப்பான பிறகு குப்பையில் போடுங்கள், அல்லது ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெயைச் சொல்லாமல் விட முடியாது. படகுக்குப் பூசுகிற பொருள், பூச்சிக்கு நல்ல தடுப்பு, மரம் கறுப்பாகிவிடும், தோலில் பட்டால் கொப்பளிக்கும். குழந்தைகள் கை வைக்கிற உயரத்தில் நிற்கும் ஸ்டாண்டுக்கு நான் அதைப் பூச மாட்டேன். கழிவு இன்ஜின் ஆயில் பூசச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தொட்டித் தண்ணீரோடு அது தரைக்கும் மண்ணுக்கும் இறங்கும், வேண்டாம்.

கடைசியாகக் காலின் அடி. மரம் தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் நுனி வழியாகத்தான், வைக்கோல் கட்டை நிறுத்தி வைத்த மாதிரி அத்தனை நாரும் அங்கே வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது. ஸ்டாண்டைக் கவிழ்த்து வைத்து, அரால்டைட்டை (இரண்டு டியூபாக வருகிற எபாக்ஸி பசை) கலந்து, நாலு காலின் அடியிலும் தடவுங்கள், முதல் பூச்சை மரம் குடித்துவிடும், அது இறுகியதும் இன்னொரு பூச்சு. இதை எண்ணெய் தடவுவதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும், எண்ணெய் ஊறிய மரத்தில் அது ஒட்டாது. மண் தரையில் நிறுத்துவதென்றால் எந்த மரமானாலும் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஓர் ஓட்டுத் துண்டு வையுங்கள், ரீப்பரோடு சேர்த்து இறங்கிய ஓடே உடைந்து நிறையக் கிடக்கும். எண்ணெய் பூசிய பிறகு பத்து நாள் நிழலில் விட்டு, விரல் ஒட்டாமல், வாசனையும் அடங்கிய பிறகு தொட்டியைத் தூக்கி வையுங்கள்.